54 வயதில் ஓட ஆரம்பித்தவர் அடுத்து என்ன இலக்கு வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 54. மூன்று வருடமாகத் தினமும் நாற்பது நிமிடம் நடை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. நான்கு மாதத்துக்கு முன்பு ஓட ஆரம்பித்து, இப்போது நடுவில் நிற்காமல் 5 கிலோமீட்டரை 42 நிமிடத்தில் முடிக்கிறீர்கள். ஓடிய மறுநாள் வலது முழங்காலில் லேசான வலி. அடுத்த வருடமே மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிடு என்கிறார் நண்பர். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா" என்கிறார் அண்ணன். மனைவிக்கு 50, அவருக்கும் ஓட ஆசை. இனி எப்படி இலக்கு வைப்பது என்று கேட்கிறீர்கள்.

நண்பரும் அண்ணனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், இரண்டு பேருமே இருபது வயதுக்காரனின் காலண்டரை வைத்து உங்களை அளக்கிறார்கள். நான் ஓட ஆரம்பித்தது 47-இல், இப்போது 61. இந்தப் பதினான்கு வருடத்தில் இந்தக் கேள்வியோடு வந்த எத்தனையோ பேரோடு கூட ஓடியிருக்கிறேன், சில பேரைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப்போயும் இருக்கிறேன். தாமதமாக ஆரம்பித்தவர் இலக்கை நிமிடத்தில் வைக்கக் கூடாது, வருடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், நீங்களே பார்த்திருப்பீர்கள், முதல் மாதம் வாங்கிய மூச்சு இப்போது வாங்காது. தசைக்குச் சில மாதம். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண், குதிகாலுக்கு மேலே விரல் வைத்தால் கயிறு மாதிரித் தட்டுப்படுமே அது, அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, அது கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும், வயதானால் இன்னும் மெதுவு. எலும்பும் அப்படித்தான். ஆக மூன்றாவது நான்காவது மாதத்தில் மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும், காலுக்கு அந்தத் தெம்பு வந்திருக்காது. ஐம்பதைத் தாண்டி ஆரம்பித்தவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். நீங்கள் இப்போது நிற்பதும் சரியாக அங்கேதான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பித்த பதினோராவது வாரம். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் ஓடி, நடந்து, மறுபடி ஓடி என்று இருந்தவன், அன்றைக்குத் தெம்பாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் தெருக்கோடி வரை வேகமாக ஓடினேன். பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் கல்லை விட்டெறிந்த மாதிரி ஒரு அடி. நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன், யார் எறிந்தது என்று. தெருவில் ஒருவரும் இல்லை. கெண்டைக்கால் தசை கிழிவது இப்படித்தான் தெரியும் என்று அப்புறம்தான் பிசியோதெரபிஸ்ட் சொன்னார், கல் பட்ட மாதிரி என்று பாதிப் பேர் இதே வார்த்தையைத்தான் சொல்வார்களாம். ஏழு வாரம் ஓடவில்லை. ஒரு நாள் அவசரத்துக்கு ஏழு வாரம்.

அதனால் வேகம் பற்றி. உங்கள் ஓட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா, சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். நடந்தால் ஓட்டம் கணக்கில் சேராது என்று யாராவது சொன்னால் விட்டுத் தள்ளுங்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, எழுபதுகளிலிருந்து ஓட்டம்-நடை-ஓட்டம் என்ற முறையைத்தான் சொல்லிக்கொடுத்தார், அந்த முறையில் மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம்.

கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்கிறவர் என்றால் இரண்டு விஷயம். 220-இல் வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு என்பது பழைய தோராயக் கணக்கு, உங்களுக்கு 166 வரும். 2001-இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் கொடுத்த சூத்திரம் 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது, அதில் 170 வரும். இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு மேலே கீழே இருக்கும். இரண்டாவது, அதைவிட முக்கியம்: உங்கள் ரத்த அழுத்த மாத்திரை பீட்டா பிளாக்கர் வகையா என்று பாருங்கள். அந்த வகை மாத்திரை துடிப்பை மேலே ஏறவிடாது. கடிகாரம் "சும்மா நடக்கிறீர்கள்" என்று காட்டும், உங்களுக்கோ நாக்குத் தள்ளும். அப்படியானால் கடிகாரத்தை மறந்துவிடுங்கள், பேச்சுச் சோதனை போதும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

நான்கு மாதம் ஓடியாகிவிட்டது, இனி டாக்டர் எதற்கு என்று நினைப்பீர்கள். தூரத்தையோ வேகத்தையோ கூட்டுவதற்கு முன்பு ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் வயது, ரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருக்கிறதா என்பதெல்லாம் கேட்டுவிட்டு, இசிஜியோ டிரெட்மில் டெஸ்ட்டோ வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றி மயக்கம் வருவது போல இருப்பது, நேற்று சுலபமாக ஓடிய தூரத்துக்கு இன்று காரணமில்லாமல் மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். "வாயுவாக இருக்கும்" என்று ஓட்டத்தைத் தொடரக் கூடாது.

முழங்கால். ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்பதுதான் நம்மை நோக்கி எறியப்படும் முதல் கல், உங்கள் அண்ணன் கையிலும் அது இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1984-இல் தொடங்கி 21 வருடம், 50 வயது தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். 2008-இல் வந்த முடிவு: எழுந்து நடப்பது, உடை மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளில் சிரமம் ஓட்டக்காரர்களுக்கு வருடக்கணக்கில் தள்ளிப்போயிருந்தது. 19 வருட முடிவில் ஓடாதவர்களில் 34 சதவீதம் இறந்திருந்தார்கள், ஓடியவர்களில் 15. ஆரோக்கியமானவர்கள்தான் ஓடவே வருகிறார்கள் என்ற வாதமும் நியாயமானது, அதனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூட்டுத் தேய்மானம் பற்றி மட்டும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு அலசல் வந்தது. இடுப்பு, முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2, போட்டிக்கென்றே ஓடுகிறவர்களில் 13.3. நாம் முதல் கூட்டம்.

அதற்காக உங்கள் வலியைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. நான் வைத்திருக்கும் கணக்கு இது: பத்துக்கு மூன்றுக்குள் இருக்கும் வலி, ஓட ஓடக் கூடாமல், மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். நொண்ட வைக்கும் வலி, வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது, இரவில் எழுப்பும் வலி என்றால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். உங்களுடையது முதல் வகை போலத்தான் தெரிகிறது, இருந்தாலும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அதற்குள் ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். எட்டைச் சுருக்குங்கள், அதாவது ஒவ்வொரு அடியையும் குட்டையாக வையுங்கள். அதே வேகத்தில், நிமிடத்துக்கு வைக்கும் எட்டுகளை ஐந்து சதவீதம் கூட்டினாலே முழங்காலில் விழும் பாரம் குறைகிறது. புதிதாக ஓடுகிறவர்கள் காலை முன்னால் வீசி, குதிகாலை ஊன்றி, தங்களுக்கே பிரேக் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். தொம் தொம் என்று கேட்டால் எட்டு நீளம்.

பலப் பயிற்சி பற்றிப் பேசினால் யாருக்கும் பிடிப்பதில்லை, எனக்கும் பிடிக்காது, ஆனாலும் கெண்டைக்கால் கிழிந்த பிறகு விட்டதில்லை. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதிகாலை மெதுவாக ஏற்றி அதைவிட மெதுவாக இறக்குவது. ஆரம்பத்தில் எட்டு முறை முடிந்தாலே பெரிது, என்னால் ஆறுதான் முடிந்தது. இப்போது இருபத்தைந்து. கூடவே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, வாரம் இரண்டு நாள், பதினைந்து நிமிடம். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது, வெறும் ஓட்டம் இதை முழுதாக ஈடுகட்டாது. ஷூ பற்றிச் சொல்ல அதிகமில்லை, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், போட்டு ஓடினால் சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இலக்குக்கு வருவோம்.

நண்பர் சொல்லும் மாரத்தான் 42.195 கிலோமீட்டர். உங்கள் இப்போதைய வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 24 நொடி. இதே வேகத்தைக் கடைசி வரை பிடித்தால் 5 மணி 54 நிமிடம் வரும், யாராலும் 5 கிலோமீட்டர் வேகத்தை 42-க்கு இழுக்க முடியாது என்பதால் ஆறரை, ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல போட்டிகளில் ஆறு மணி நேரத்திலேயே பாதையை மூட ஆரம்பித்துவிடுவார்கள். அதாவது அடுத்த வருடம் போனால் உங்களுக்குப் பின்னால் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டே வருவார்கள். அது அவமானம் ஒன்றுமில்லை, ஆனால் அதற்குத் தயாராக நீங்கள் ஓட வேண்டிய நீண்ட ஓட்டங்களை இப்போது உங்கள் நாண்கள் தாங்காது. மூன்று வருடம் கழித்து அதே மாரத்தானுக்கு இன்னும் வேகமாகவும் இன்னும் நிம்மதியாகவும் போகலாம். மாரத்தான் எங்கும் ஓடிவிடாது.

வயதானவர்கள் சாதனை என்று அனுப்பப்படும் செய்திகளையும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கனடாவின் எட் விட்லாக் 73 வயதில், 2004-இல், 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் மாரத்தான் ஓடினார், 85 வயதில் நான்கு மணி நேரத்துக்குள். ஜப்பானின் மரிகோ யுகெட்டா 62 வயதில், 2021-இல், 2:52:13. பிரமிப்புதான். ஆனால் விட்லாக் இளவயதில் இங்கிலாந்தில் நன்றாக ஓடியவர், இடையில் விட்டுவிட்டு நாற்பதை ஒட்டித் திரும்பவும் தொடங்கியவர், யுகெட்டா 24 வயதிலேயே 3 மணி 9 நிமிடத்தில் மாரத்தான் முடித்தவர். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரத்தை அல்ல. விட்லாக் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றித்தான் பயிற்சி செய்தார், அதுவும் அவருடைய போட்டி வேகத்தோடு ஒப்பிட்டால் நத்தை வேகத்தில், மணிக்கணக்கில். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சலிப்பில்லாத சுற்றைத்தான்.

நிஜமாகவே தாமதமாக வந்தவர் வேண்டுமென்றால் பிரிட்டனின் பிரிசில்லா வெல்ச். முப்பதுகளின் நடுவில் ஆரம்பித்தார், அதற்கு முன்பு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர், 1987-இல் 42 வயதில் நியூயார்க் மாரத்தானில் பெண்கள் பிரிவில் முதலிடம். ஃபௌஜா சிங் எண்பதுகளில் ஆரம்பித்து, 2000-இல் 89 வயதில் முதல் மாரத்தான் ஓடினார், 2011-இல் டொராண்டோவில் நூறு வயதில் ஒன்றை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. மனிதர் அதற்காக ஓட்டத்தை நிறுத்தவில்லை, 101 வரை போட்டிகளில் ஓடினார்.

உங்களுக்கு நான் போடும் கணக்கு இப்படி. முதல் வருடத்தின் இலக்கு தூரமும் இல்லை நேரமும் இல்லை, எண்ணிக்கை. 52 வாரத்தில் குறைந்தது 45 வாரம், வாரத்துக்கு மூன்று ஓட்டம். ஏழு வாரம் காய்ச்சல், பயணம், வேலை என்று போகட்டும், அதற்கு முன்கூட்டியே விட்டுக்கொடுத்தாயிற்று. நான் ஒரு பழைய நோட்டில் ஓடிய நாளுக்கு ஒரு கோடு மட்டும் போடுவேன், தூரம்கூட எழுத மாட்டேன். பத்து வருட நோட்டுகளைப் புரட்டினால் எந்த மாதம் கோடு குறைகிறது என்று தெரியும். நான் வேகமாக ஓடி நல்ல நேரம் எடுத்த மாதங்களுக்கு அடுத்த மாதம்தான் எப்போதும் காலியாக இருக்கிறது! இதை எந்த ஆப்பும் எனக்குச் சொன்னதில்லை.

இந்த முதல் வருடத்துக்குள் 10 கிலோமீட்டர் தானாக வந்துவிடும். எப்படிக் கூட்டுவது? வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று எல்லோரும் சொல்வார்கள். 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. வாரக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை, கடந்த முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டுவதுதான் அடிபட வைக்கிறது. கடைசி மாதத்தில் அதிகபட்சம் 5 என்றால் அடுத்தது ஐந்தரை, எட்டு அல்ல. என் பதினோராவது வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அப்புறம், மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள்.

இரண்டாவது வருடம் நேரத்தைத் தொடலாம். 5 கிலோமீட்டரை 35 நிமிடத்தில், அதாவது கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம், பெரும்பாலானோருக்கு எட்டிப்பிடிக்கக்கூடிய இலக்கு. ஆசை இருந்தால் அந்த வருடக் கடைசியில் அரை மாரத்தான். மூன்றாவது வருடத்தில் மாரத்தான் வேண்டுமா என்று உங்களையே கேளுங்கள். "வேண்டாம், 10 கிலோமீட்டர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது" என்று பதில் வந்தால் அதுவும் சரியான பதில்தான். மாரத்தான் ஓடாதவன் ஓட்டக்காரனே இல்லை என்பது போல ஒரு பேச்சு இருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை. நான் ஓடியதே இரண்டுதான், இரண்டாவதை எதற்கு ஓடினேன் என்று இன்னும் தெரியவில்லை.

தாமதமாக வந்தவருக்கு ஒரு லாபம் உண்டு. ஒப்பிட்டு வருத்தப்பட இருபத்தைந்து வயது நேரம் ஒன்று உங்களிடம் இல்லை. கல்லூரியில் ஓடியவர்கள் ஐம்பதில் திரும்பி வந்தால் ஒவ்வொரு ஓட்டமும் அவர்களுக்கு இழவு வீடு மாதிரி. உங்களுக்கோ எந்த வயதில் ஆரம்பித்தாலும் முதல் சில வருடம் ஏறுமுகம்தான், வயது இறக்குவதைவிடப் பயிற்சி ஏற்றுவது அதிகம். ஒருநாள் அந்த ஏற்றம் நிற்கும், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது, விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. எழுபதுக்கு மேல் சரிவு இன்னும் கூடும்.

அப்போது இலக்கை எப்படி மாற்றுவது? இதற்காகவே முதியோர் தடகளத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 35 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவு. மற்றவர்கள் 60-ஆவது பிறந்தநாளுக்கு வருத்தப்படுவார்கள், நாம் அன்றைக்குப் பிரிவிலேயே இளையவராகி விடுகிறோம். அதோடு வயதுத் தரக் கணக்கு என்று ஒன்று உண்டு, உங்கள் வயதுக்கும் பாலினத்துக்குமான உச்ச நேரத்தோடு ஒப்பிட்டு உங்கள் நேரத்தைச் சதவீதமாகக் காட்டும், இணையத்தில் இலவசமாகவே போட்டுப் பார்க்கலாம். என் மிக நல்ல 10 கிலோமீட்டர் 54 வயதில் 51 நிமிடம். இந்த வருடம் ஐம்பத்து மூன்றரை. கடிகாரப்படி இரண்டரை நிமிடம் போச்சு, சதவீதப்படி துளி மேலே இருக்கிறேன். அந்தச் சதவீதத்தை எழுபது வரை இறங்கவிடாமல் பிடித்துவைப்பதுதான் இப்போது என் இலக்கு.

மனைவி விஷயம். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஒன்பது வாரத் திட்டம் ஒன்று போட்டார், சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான். அவர் அதை எழுதும்போது மனதில் வைத்திருந்தது ஐம்பதுகளில் இருந்த தன் அம்மாவை. உங்கள் மனைவி அதையே எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்து பதினெட்டு வாரமாக நீட்டினால் இன்னும் நல்லது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும், அதனால் பலப் பயிற்சி அவருக்கு உங்களைவிட அவசியம். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள் பல பெண்கள், அது பயிற்சியால் சரியாகக்கூடியது, அதற்கென்றே பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

ஆனால் முதல் இரண்டு மாதம் அவரோடு சேர்ந்து ஓடாதீர்கள். உங்கள் மெது வேகம் அவருக்கு முழு வேகம், நீங்கள் "மெதுவாகத்தானே ஓடுகிறோம்" என்பீர்கள், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறக்க மாட்டார். அவர் பத்து நிமிடம் முன்னால் கிளம்பட்டும். நீங்கள் உங்கள் ஓட்டத்தை முடித்துவிட்டு, திரும்பி வரும் வழியில் அவரோடு நடந்து வாருங்கள்.